கடைசி வருஷ புராஜெக்ட்

2002 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை. கான்பூர் ஐஐடியிலிருந்து பதினைந்து கணித நிபுணர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போகிறது. இணைப்பில் ஒன்பதே பக்கத்தில் ஒரு கட்டுரை. எழுதியவர்கள் மூன்று பேர். பேராசிரியர் மணீந்திர அகர்வால், அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா. மாணவர்கள் இரண்டு பேரும் சில மாதங்களுக்கு முன்புதான் பி.டெக் முடித்தவர்கள். அன்று சாயங்காலமே மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஜெய்குமார் ராதாகிருஷ்ணனும், சென்னை கணித அறிவியல் நிறுவனத்திலிருந்து வி. அரவிந்தும் வாழ்த்து அனுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை அமெரிக்காவில் கார்ல் பொமரான்ஸ் என்கிற பெரிய எண்கணித நிபுணர் படித்துப் பார்த்து, சரிதான் என்று முடிவு செய்து, மத்தியானமே அவசரமாக ஒரு கூட்டம் போட்டு மற்றவர்களுக்கு விளக்கினார். வியாழக்கிழமை நியூயார்க் டைம்ஸில் செய்தி.

கணித உலகத்தில் இந்த வேகத்தில் எதுவும் நடக்காது. ஒரு நிரூபணத்தைச் சரிபார்க்க வருஷக்கணக்கில் எடுத்துக்கொள்கிற கூட்டம் அது.

அப்படி என்னதான் கண்டுபிடித்தார்கள்? ஒரு எண் பகா எண்ணா இல்லையா என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல், நியாயமான நேரத்துக்குள் சொல்லும் வழி. கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்த வழி 2, 3, 5 என்று வகுத்துக்கொண்டே போவது. வர்க்கமூலம் வரைக்கும் போனால் போதும். ஆனால் நூறு இலக்க எண் ஒன்றை எடுத்துக்கொண்டால் அதன் வர்க்கமூலமே ஐம்பது இலக்கம். வினாடிக்கு நூறு கோடி முறை வகுக்கிற கணிப்பொறி வைத்திருந்தாலும் முடிக்க எத்தனை வினாடி ஆகும் என்பதை நாற்பது இலக்கத்துக்கு மேல் எழுத வேண்டியிருக்கும். பிரபஞ்சத்தின் வயதே வினாடிக் கணக்கில் பதினெட்டு இலக்கம்தான்.

அவர்கள் பிடித்த நூல் நம் பிள்ளைகள் பிளஸ் ஒன்னில் படிக்கிற பாஸ்கல் முக்கோணத்தில் இருக்கிறது. (பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் இதையே மேருப் பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார், பாஸ்கலுக்கு நெடுங்காலம் முன்னால்.) ஏழாவது வரிசையைப் பாருங்கள்: 1, 7, 21, 35, 35, 21, 7, 1. இரண்டு ஓரத்து ஒன்றுகளை விட்டுவிட்டால் எல்லாமே ஏழால் வகுபடும். ஏழு பகா எண். ஆறாவது வரிசை 1, 6, 15, 20, 15, 6, 1. இதில் 15 ஆறால் வகுபடாது. ஆறு பகா எண் இல்லை. இந்தச் சோதனை எந்த எண்ணுக்கும் பொய் சொல்லாது. இதைவிடச் சுலபமான ஃபெர்மா சோதனை என்று ஒன்று உண்டு, ஆனால் அது 561 மாதிரியான எண்களிடம் ஏமாந்துபோகும். 561 என்பது 3, 11, 17 மூன்றின் பெருக்கல். ஆனாலும் பகா எண் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கும்.

சிக்கல் என்னவென்றால், நூறு இலக்க எண்ணுக்கான வரிசையை முழுசாக எழுதவே முடியாது. கான்பூர்க்காரர்கள் முழு வரிசையையும் எழுதாமல், அதை ஒரு சின்ன வட்டத்தில் சுற்றிச் சுற்றி மடித்து வைத்தார்கள். மடித்த பிறகு கிடைக்கிற மிச்சத்தை மட்டும், சில முறை மட்டும் சோதித்தால் போதும் என்று நிரூபித்தார்கள். அந்த ‘போதும்’ என்கிற சொல்லில்தான் முழுக் கண்டுபிடிப்பும் இருக்கிறது.

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது நியூயார்க் டைம்ஸ் இல்லை. 2001-ல் அதே துறையில், அதே பேராசிரியரிடம், ரஜத் பட்டாசார்ஜி, பிரசாந்த் பாண்டே என்று இரண்டு மாணவர்கள் பி.டெக் புராஜெக்ட் செய்தார்கள். மடித்து வைக்கும் இந்த வழியைச் சோதித்துப் பார்த்து, ‘இது உண்மையாக இருக்கும் போலிருக்கிறது, ஆனால் எங்களால் நிரூபிக்க முடியவில்லை’ என்று ஒரு ஊகத்தோடு அறிக்கையை முடித்தார்கள். அடுத்த வருஷம் வந்த கயாலும் சக்சேனாவும் அங்கிருந்துதான் பிடித்தார்கள். கணிப்பொறியை ஓடவிட்டு ஆயிரம் கோடி வரைக்கும் சரிபார்த்தார்கள். ஊகத்தை அவர்களாலும் நிரூபிக்க முடியவில்லை. கொஞ்சம் விலகி வேறு பாதையில் போனபோது விஷயம் கிடைத்தது. அந்த ஊகம் நிரூபிக்கப்படாமலேயே ஒரு பி.டெக் அறிக்கையில் நின்றுபோனது. ஆனால் அந்த அறிக்கை இல்லாமல் இந்த ஒன்பது பக்கம் இல்லை.

இன்னொன்று. கயாலும் சக்சேனாவும் 1997-லேயே சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியக் குழுவில் போனவர்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் கணிதம் எடுக்காமல் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தது ஏன்? வேலை கிடைக்கும் என்றுதான். நம் வீட்டுக் கதைதானே இது! அவர்களுடைய கட்டுரை 2004-ல் ‘ஆனல்ஸ் ஆஃப் மேதமேடிக்ஸ்’ இதழில் வந்தது, 2006-ல் கோடல் பரிசு. சக்சேனாவுக்கு 2018-ல் பட்நாகர் விருது, கயாலுக்கு 2021-ல் இன்ஃபோசிஸ் பரிசு.

சரி, இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. இங்கே தில்லியில் எந்தத் தமிழ்க் குடும்பம் கூடினாலும், கோயில் பிரகாரமானாலும் சரி, கல்யாண வீட்டுப் பந்தியானாலும் சரி, காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் ஒரே கேள்விதான். ‘நாலாவது வருஷம் சேர்க்கலாமா, மூணோட நிறுத்திடலாமா?’ 2020 தேசியக் கல்விக் கொள்கைப்படி தில்லி பல்கலைக்கழகம் 2022-ல் நாலு வருஷப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்தது. அந்த முதல் தொகுதி 2025-ல் நாலாம் ஆண்டுக்குப் போனது. மூன்றாம் வருஷம் முடித்து பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். இருந்தால் நாலாம் வருஷத்தில் ஒரு ஆய்வேடு எழுதலாம், அல்லது கல்வி சார்ந்த புராஜெக்ட், அல்லது தொழில்முனைவு. நாலு வருஷம் முடித்து 75 சதவீதம் வாங்கினால் எம்.ஏ., எம்.எஸ்ஸி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்க முடியும்.

‘இருபத்தோரு வயசுப் பிள்ளை என்ன ஆராய்ச்சி பண்ணிடப் போறான்?’ என்பார் ஒரு மாமா. அந்தக் கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. நம் நாட்டில் 1857-ல் கல்கத்தா, பம்பாய், மதராஸ் பல்கலைக்கழகங்களைத் தொடங்கியபோது லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்துத் தொடங்கினார்கள். அந்த நாளில் லண்டன் பல்கலைக்கழகம் என்பது பாடம் நடத்துகிற இடம் அல்ல, பரீட்சை வைக்கிற இடம். பாடம் நடத்துவது இணைப்புக் கல்லூரிகளின் வேலை. கேள்வித்தாள் தயாரித்து, விடைத்தாள் திருத்தி, பட்டம் கொடுப்பது பல்கலைக்கழகத்தின் வேலை. பல்கலைக்கழகமே பாடம் நடத்தலாம், ஆராய்ச்சி செய்யலாம் என்று சட்டம் வந்தது 1904-ல்தான். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் மாதிரி இடங்களில் 1920-களிலேயே பட்டம் வாங்கும் மாணவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். நமக்குத் தெரிந்த ஒரே ஆய்வேடு இன்ஜினியரிங் ஃபைனல் இயர் புராஜெக்ட். அதுவும் எந்த நிலைமையில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்ஜினியரிங் காலேஜ் இருக்கிற ஊரிலெல்லாம் ‘புராஜெக்ட் செய்து தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடை இருக்கும். தலைப்பு, புரோகிராம், பைண்டிங், வைவாவுக்குக் கேள்வி பதில் எல்லாம் சேர்த்து ஒரே ரேட்.

அதனால் மாமா கேட்பது நியாயம்தான். பதிலுக்கு நான் சொல்ல நினைப்பது டயான் ஹார்ட்லியின் கதை.

1978. நியூயார்க்கில் சிட்டிகார்ப் கட்டடம் திறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. 59 மாடி. நிலத்தின் ஒரு மூலையில் ஏற்கெனவே ஒரு லுத்தரன் தேவாலயம் இருந்ததால், கட்டடத்தின் தூண்களை நாலு மூலையிலும் வைக்காமல் நாலு பக்கத்துக்கும் நடுவில் வைத்து, ஒன்பது மாடி உயரக் கால்களின் மேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். நாலு காலையும் பக்கங்களுக்கு நடுவில் வைத்த மேஜையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். வில்லியம் லெமெஷூரியர் என்கிற பேர்பெற்ற பொறியாளரின் வடிவமைப்பு. பிரின்ஸ்டனில் சிவில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்த ஹார்ட்லி இந்தக் கட்டடத்தைத் தன் ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டார். காற்று நேராக அடித்தால் என்ன விசை என்று கணக்குப் போட்டார். மூலைவாட்டில் அடித்தால் என்ன என்றும் போட்டார். மூலைவாட்டில் அதிகம் வந்தது. பொறியாளர் அலுவலகத்தில் கேட்டார். கவலைப்பட ஒன்றுமில்லை, கட்டடம் தாங்கும் என்று பதில் வந்தது. அவர்கள் பெரிய பொறியாளர்கள், இவர் மாணவி. அந்தப் பதிலை எழுதிக்கொண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டுப் போய்விட்டார்.

ஒரு மாணவரின் கேள்வி தன் காதுக்கு வந்ததால்தான் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன் என்று லெமெஷூரியர் பின்னாளில் சொன்னார். சில தாங்குச் சட்டங்களில் விசை நாற்பது சதவீதம் கூடியது. அதற்கு மேல் ஒரு விஷயம்: வரைபடத்தில் பற்றவைப்பு என்று இருந்ததைக் கட்டும்போது செலவு மிச்சம் என்று போல்ட்டாக மாற்றியிருந்தார்கள். மின்சாரம் போய், கட்டடத்தின் உச்சியில் ஆட்டத்தை அடக்க வைத்திருந்த 400 டன் பளு வேலை செய்யாமல் நின்றால், பதினாறு வருஷத்துக்கு ஒரு தடவை வரக்கூடிய புயலே கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்று கணக்கு சொன்னது. 1978 ஆகஸ்டிலிருந்து தினமும் ராத்திரி, ஊழியர்கள் வீட்டுக்குப் போனபிறகு, இருநூறுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் இரண்டு அங்குல எஃகுத் தகடுகளைப் பற்றவைத்தார்கள். செப்டம்பர் ஆரம்பத்தில் எல்லா என்கிற புயல் நியூயார்க்கை நோக்கி வந்து, நல்லவேளையாகக் கடலுக்குள் திரும்பிப் போனது. ஊர்ப் பத்திரிகைகள் அப்போது வேலைநிறுத்தத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. 1995-ல் நியூயார்க்கர் இதழில் வந்தபிறகுதான் வெளியே தெரிந்தது. அதன் பிறகு வந்த ஒரு டிவி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் ஹார்ட்லிக்கே தன் கேள்விக்கு என்ன ஆனது என்று தெரியும்!

இதில் விவாதம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். லெமெஷூரியரிடம் பேசியது வேறொரு கட்டடக்கலை மாணவர் என்றும் பின்னால் ஒரு செய்தி வந்தது. 2019-ல் அமெரிக்க தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் மறுபடி கணக்குப் போட்டு, மூலைக் காற்றைவிட நேர்க்காற்றுதான் அதிக விசை தரும் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். கட்டி முடித்த கட்டடத்தை ஒரு தடவை கூடத் திரும்பப் பார்க்காத பொறியாளர்களைப் பார்க்க வைத்தது படிப்பு முடிக்காத ஒரு பிள்ளையின் கேள்வி. இரண்டு பேர் கேட்டிருந்தால் இன்னும் நல்லது.

எல்லாம் இன்ஜினியரிங், கணக்கு என்று போகிறதே, பி.காம். படிக்கிற பிள்ளைக்கு என்ன என்பீர்கள். ரொனால்ட் கோஸ் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் பி.காம்.தான் படித்தார். 1931-ல் பரீட்சையெல்லாம் முடிந்துவிட்டது, ஆனால் மூன்று வருஷம் இருந்தால்தான் பட்டம் என்று விதி. மிச்சமிருந்த ஒரு வருஷத்தை உதவித்தொகையில் அமெரிக்காவில் கழித்தார். ஃபோர்ட், ஜெனரல் மோட்டார்ஸ் மாதிரி தொழிற்சாலைகளில் நுழைந்து மேலாளர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டே அலைந்தார். அவர் மனதில் இருந்தது ஒரே கேள்வி. சந்தையில் எல்லாவற்றையும் விலைக்கு வாங்க முடியும் என்றால், கம்பெனி என்று ஒன்று எதற்கு? அவருக்குக் கிடைத்த பதில், சந்தைக்குப் போவதற்கே செலவு இருக்கிறது என்பது. ஆள் தேட, பேரம் பேச, ஒப்பந்தம் போட, அவன் ஏமாற்றாமல் பார்த்துக்கொள்ள. அந்தச் செலவு உள்ளே வைத்துச் செய்கிற செலவைவிட அதிகமானால் கம்பெனி வளரும். குறைந்தால் வேலை வெளியே போகும்.

குர்காவிலும் நொய்டாவிலும் உட்கார்ந்து எங்கேயோ இருக்கிற கம்பெனிக்கு வேலை பார்க்கிற நம்மில் பாதிப் பேரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது :-) 1932-ல் இருபத்தோரு வயதில் டண்டியில் ஒரு வகுப்பில் இதைச் சொன்னார். கட்டுரையாக வந்தது 1937-ல். நோபல் கிடைத்தது 1991-ல், எண்பது வயதில். இருபதுகளில் செய்த வேலைக்கு எண்பதுகளில் பாராட்டு வாங்குவது விசித்திரமாக இருக்கிறது என்று நோபல் உரையில் சொன்னார்.

இலக்கியத்தில் வில்லியம் எம்ப்சன். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாறியவர். ஒரு கவிதை வரிக்கு ஒரே நேரத்தில் எத்தனை அர்த்தம் இருக்க முடியும் என்று ஆசிரியர் ரிச்சர்ட்ஸிடம் பேசிவிட்டுப் போனவர், அடுத்த வாரமே படிக்கவே முடியாத தட்டச்சில் முப்பதாயிரம் சொற்களோடு வந்து நின்றாராம். அது 1930-ல் ‘செவன் டைப்ஸ் ஆஃப் ஆம்பிகுயிட்டி’ என்று புத்தகமானது, அப்போது வயது 24. காளமேகத்தின் சிலேடையில் வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ஆங்கிலத்தில் கவிதையைப் படிக்கும் முறையையே மாற்றிய புத்தகம் அது.

எல்லா ஆய்வேடும் இப்படித் தானாக முளைத்ததில்லை. ஜான் கென்னடி 1940-ல் ஹார்வர்டில் மியூனிக் ஒப்பந்தத்தைப் பற்றி எழுதிய ஆய்வேடு அதே வருஷம் ‘ஒய் இங்கிலாண்ட் ஸ்லெப்ட்’ என்ற புத்தகமாக வந்து நன்றாக விற்றது. அப்பா அப்போது லண்டனில் அமெரிக்கத் தூதர். தூதரகத்திலிருந்து ஆவணங்கள் வந்தன, டைப் அடிக்க ஆள் வந்தது, அப்பாவுக்குத் தெரிந்த பெரிய பத்திரிகையாளர் திருத்திக் கொடுத்தார், இன்னொரு பத்திரிகை முதலாளி முன்னுரை எழுதினார். அஞ்சாம் கிளாஸ் சயின்ஸ் எக்ஸிபிஷனுக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தெர்மகோல் வெட்டுகிற நம்மூர் அப்பாக்கள் இதைப் பார்த்து ஆறுதல் அடையலாம். ஹார்வர்டிலேயே 1950-ல் ஹென்றி கிஸிஞ்சர் முந்நூற்று எண்பது பக்கத்துக்கு மேல் ஒரு ஆய்வேடு எழுதி, அதைப் படித்துக் களைத்தவர்கள் பக்க வரம்பு விதித்துவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு.

கடைசியாக நம்மவர் ஒருவர். சுப்ரமணியன் சந்திரசேகர் 1910-ல் பிறந்தது லாகூரில். அப்பா ரயில்வே கணக்குத் துறை அதிகாரி, வேலைக்காக வடக்கே வந்த தமிழ்க் குடும்பம். பிறகு மதராஸ் திரும்பினார்கள். பிரசிடென்சி காலேஜில் சேரும்போது பையனுக்குக் கணிதம் படிக்க ஆசை. ஐ.சி.எஸ். எழுத வேண்டும், அதற்கு இயற்பியல் எடு என்றார் அப்பா. எடுத்தார். 1928-ல் ஜெர்மனியிலிருந்து சோமர்ஃபெல்ட் மதராஸ் வந்தபோது, பதினெட்டு வயதுப் பையன் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தான். நீ படித்திருக்கிற புத்தகத்திலிருக்கும் இயற்பியல் எல்லாம் பழசாகிவிட்டது என்று சொல்லி, இன்னும் அச்சாகாத தன் கட்டுரையின் புரூஃபை அவன் கையில் கொடுத்தார் சோமர்ஃபெல்ட். வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே மனம் உடைந்திருக்கும். இவர் அந்தப் புரூஃபை வைத்துக்கொண்டு தானே படித்து, காம்ப்டன் சிதறலைப் பற்றிக் கட்டுரை எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஃபௌலருக்கு அனுப்பினார். 1929-ல் ராயல் சொசைட்டி இதழில் வந்தது. பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இன்னும் முடிக்கவில்லை.

அந்த ஃபௌலரிடமே ஆராய்ச்சி செய்யத்தான் 1930-ல் அரசாங்க உதவித்தொகையில் இங்கிலாந்து கிளம்பினார். அம்மா சீதாலட்சுமி அப்போது கடுமையாக நோய்வாய்ப்பட்டிருந்தார். இப்சனின் ‘ஏ டால்ஸ் ஹவுஸ்’ நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர் அவர். பையன் மனதுக்குப் பிடித்ததைப் படிக்கட்டும் என்று அப்பாவிடம் வாதாடியவரும் அவர்தான். இந்த நிலைமையில் போகலாமா என்று உறவினர்கள் கேட்டார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பி வைத்தார். ஜூலை 31-ல் பம்பாயில் கப்பல் ஏறினார் சந்திரசேகர். ஒரு நட்சத்திரம் செத்த பிறகு எவ்வளவு எடைக்கு மேல் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாது என்ற கணக்கை, 1983-ல் நோபல் வாங்கித் தந்த வேலைகளில் முதன்மையானதை, அந்தப் பயணத்தில்தான் போட்டார். 1931 மே மாதம் அம்மா காலமானார். பிள்ளை அப்போது கேம்பிரிட்ஜில் இருந்தார்.